கழுத்தில் அறுவை, தோளில் தளர்ச்சி

கழுத்துத் தண்டுவட அறுவை சிகிச்சை முடிந்து, மயக்கம் தெளிந்து நோயாளி கண் திறந்ததும் மருத்துவர் சொல்வது இதுதான்: “ரெண்டு கையையும் தூக்குங்க. காலை ஆட்டுங்க, பாப்போம்.” கைகள் உயர்கின்றன, கால்கள் அசைகின்றன. வெளியே காத்திருந்த குடும்பத்துக்கு அப்போதுதான் உயிர் வருகிறது. மறுநாள் கைப்பிடித்து நடக்க வைக்கிறார்கள். அறுவைக்கு முன் தள்ளாடிய கால் இப்போது தரையில் ஊன்றுகிறது. மூன்றாம் நாள் காலையில் தலை வாரச் சீப்பை எடுக்கிறார். வலது கை தோள் உயரத்துக்குக்கூட எழும்ப மாட்டேன் என்கிறது. விரல்கள் மடங்குகின்றன, பிடி உறுதியாக இருக்கிறது, இடது கைக்கு ஒன்றும் இல்லை. வலது தோள் மட்டும் தொங்கிவிட்டது.

ஆபரேஷனில் நரம்பை வெட்டிவிட்டார்கள் என்றுதான் குடும்பம் முதலில் நினைக்கும். இயல்பான சந்தேகம். ஆனால் வெட்டுப்பட்ட நரம்பு மூன்று நாள் காத்திருக்காது. மயக்கம் தெளிந்த அந்த நிமிடமே கை விழுந்திருக்க வேண்டும். இரண்டு நாள் ஒழுங்காக வேலை செய்த நரம்பு மூன்றாம் நாள் ஏன் நின்றது? கழுத்தில் எட்டு இணை நரம்புகள் இருக்க, பெரும்பாலும் அந்த ஒன்றே ஏன் மாட்டுகிறது? ஏன் ஒரு பக்கம் மட்டும்? முதுகுத்தண்டு அறுவை மருத்துவர்கள் இந்தக் கேள்விகளை அறுபது ஆண்டுகளுக்கு மேலாகத் துரத்திக்கொண்டிருக்கிறார்கள். மருத்துவமனையில் இதை ‘சி5 பால்சி’ என்பார்கள். ஐந்தாம் கழுத்து நரம்பு வாதம் என்று நாம் சொல்லலாம்.

முதலில் அந்த நரம்பு எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். கழுத்தில் முள்ளெலும்புகள் 7. அங்கிருந்து கிளம்பும் நரம்பு இணைகள் 8. முதல் இணை மண்டையோட்டுக்கும் முதல் முள்ளெலும்புக்கும் நடுவே வெளியேறுவதால் கணக்கில் ஒன்று கூடுகிறது. ஐந்தாம் நரம்பு, நான்காம் ஐந்தாம் முள்ளெலும்புகளுக்கு இடையே பக்கவாட்டில் இருக்கும் துளை வழியாக வெளியே வருகிறது. இதற்கு நரம்புத் துளை என்று பெயர். எலும்புக் குழாய்க்குள் தண்டுவடம், அதைச் சுற்றி மூளைத் தண்டுவடத் திரவம். தண்டுவடத்தின் இரு பக்கமும் மெல்லிய இழைகளாகப் புறப்பட்டு, திரவத்தைக் கடந்து, துளைக்குள் நுழையும் பகுதிதான் நரம்பு வேர்.

ஒவ்வொரு நரம்புக்கும் வேர்கள் இரண்டு. முன்வேர் தசைக்குக் கட்டளை கொண்டுபோகிறது. பின்வேர் தோலிலிருந்தும் மூட்டிலிருந்தும் உணர்வைக் கொண்டுவருகிறது. பிரெஞ்சு உடலியலாளர் பிரான்சுவா மஜான்டி நாய்க்குட்டிகளில் இந்த வேர்களைத் தனித்தனியே அறுத்துப் பார்த்து 1822-ல் இதை நிறுவினார். இந்தப் பிரிவினையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு முக்கியமான தடயமாக இது வரும்.

துளையைத் தாண்டியதும் ஐந்தாம் நரம்பு, தனக்குக் கீழே உள்ள மற்ற நான்கு நரம்புகளோடு சேர்ந்து புயநரம்புப் பின்னலாகிக் கைக்குள் இறங்குகிறது. கையைப் பக்கவாட்டில் தூக்கும் டெல்டாய்டு தசைக்கும், முழங்கையை மடக்கும் பைசெப்ஸ் தசைக்கும் கட்டளை போவது பெரும்பாலும் இதன் வழியாகத்தான். தலை வாருவது, சட்டைக்குள் கை நுழைப்பது, அலமாரியின் மேல்தட்டிலிருந்து டப்பாவை எடுப்பது, சோற்றை வாய்க்குக் கொண்டுபோவது எல்லாம் இந்த இரண்டு தசைகளை நம்பியே நடக்கின்றன.

இனி, கழுத்தில் ஏன் கத்தி வைக்க வேண்டியிருக்கிறது என்பது. தண்டுவடம் போகும் எலும்புக் குழாய் நடுக்கழுத்தில் முன்பின்னாக ஏறத்தாழ 17 மி.மீ. அகலம் இருக்கும். 13 மி.மீ.க்குக் கீழே போனால் குறுகல் என்பார்கள். வயதாக ஆக டிஸ்க் வறண்டு பிதுங்குகிறது, ஓரங்களில் எலும்பு முளைக்கிறது, பின்னாலிருக்கும் தசைநார் தடிக்கிறது. சிலருக்கு முள்ளெலும்புகளைக் குழாயின் உட்புறமாக மேலிருந்து கீழ்வரை பிணைக்கும் நீண்ட தசைநாரே எலும்பாக இறுகிவிடுகிறது. நடுவில் தண்டுவடம் நசுங்குகிறது. கழுத்து வலித்தே ஆகவேண்டும் என்றில்லை. சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறும். சேலை மடிப்பு வைக்க முடியாது. காலில் செருப்பு கழன்றது தெரியாமலே நடப்பார்கள். இதை விட்டுவைத்தால் பலருக்கு மெல்ல மெல்ல நடையே போய்விடும். அதனால்தான் அழுத்தத்தை எடுக்கும் அறுவை.

முன்கழுத்து வழியாகப் போய் டிஸ்க்கையோ முள்ளெலும்பின் உடலையோ எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எலும்பு வைத்து இணைப்பது ஒரு வழி. பிடரி வழியாகப் போய்க் குழாயின் பின்சுவரை அகற்றுவது இன்னொரு வழி. பின்சுவரை முழுக்க எடுத்துவிட்டால் கழுத்து பின்னாளில் முன்பக்கம் வளைந்துவிடும் ஆபத்து உண்டு. அதனால் பலர் எடுத்த இடத்தில் திருகும் கம்பியும் வைத்து எலும்புகளை இணைத்துவிடுவார்கள். ஜப்பானியர்கள் வேறு வழி தேடினார்கள். பின்சுவரை ஒரு பக்கம் முழுதாக அறுத்து, மறுபக்கம் பாதி மட்டும் செதுக்கி, கீல் வைத்த கதவாகத் திறந்து, அப்படியே நிறுத்திவிடுவது. டோக்கியோ கெய்யோ பல்கலைக்கழகத்தின் கியோஷி ஹிராபயாஷி 1977-ல் தொடங்கிய இந்த ‘திறந்த கதவு’ முறை உலகெங்கும் பரவியது. மேலே சொன்ன எலும்பாகும் தசைநார் நோயை 1960-ல் பிரேதப் பரிசோதனையில் கண்டு எழுதியவரும் ட்சுகிமோட்டோ என்ற ஜப்பானியர்தான். அந்த நோய் அங்கே அதிகம். ஆகவே கழுத்து அறுவைகளும் அதிகம், அவற்றைப் பற்றிய கணக்குகளும் அதிகம். நம் தோள் புதிரைப் பற்றித் தெரிந்தவற்றில் பெரும்பகுதி ஜப்பானிய மருத்துவமனைப் பதிவேடுகளிலிருந்து வந்தது.

ஆனால் முதல் குறிப்பு அமெரிக்காவிலிருந்து வந்தது. 1961-ல் வில்லியம் ஸ்கோவில், 1962-ல் ஸ்டூப்ஸ், கிங் ஆகியோர், அழுத்தம் நீக்கும் அறுவைக்குப் பின் தோள் தளர்ந்துபோன நோயாளிகளைப் பதிவு செய்தார்கள். நினைவாற்றல் ஆய்வில் பெயர் பெற்ற ‘எச்.எம்.’ என்ற நோயாளியின் மூளையில் 1953-ல் அறுவை செய்தவரும் இதே ஸ்கோவில்தான். தன் கையால் நடந்த அறுவையின் கெட்ட விளைவையும் மறைக்காமல் எழுதிவைக்கும் பழக்கம் அவரிடம் இருந்தது. அந்தப் பழக்கம் இல்லாத இடத்தில் இந்த மாதிரிச் சிக்கல் ஒன்று இருப்பதே யாருக்கும் தெரிய வராது.

எத்தனை பேருக்கு வருகிறது? 2003-ல் ஜப்பானின் சகௌரா குழு அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டியபோது சராசரி 4.6 விழுக்காடு என்று வந்தது. ஆனால் ஆய்வுக்கு ஆய்வு பூஜ்யத்திலிருந்து 30 விழுக்காடு வரை வேறுபாடு. 2010-ல் இமகாமா குழு பல மருத்துவமனைகளில் கதவு திறக்கும் வகை அறுவை செய்துகொண்ட 1,858 பேரைப் பார்த்ததில் 43 பேருக்குத் தோள் தளர்ந்திருந்தது, அதாவது 2.3 விழுக்காடு. 2012-ல் வெளியான ஒரு பெரிய அமெரிக்கக் கணக்கில் மொத்தம் 6.7 விழுக்காடு. அதிலேயே, பின்சுவரை எடுத்துவிட்டு எலும்புகளை இணைத்தவர்களுக்கு 9.5, கதவு திறந்தவர்களுக்கு 4.8.

இவ்வளவு வேறுபாடு ஏன்? ஒரு காரணம், எதைத் தளர்ச்சி என்று எண்ணுவது என்பதில் ஒற்றுமை இல்லை. தசை வலுவை 0 முதல் 5 வரை மதிப்பிடும் அளவுகோலை 1943-ல், போரில் நரம்பு அடிபட்ட வீரர்களைச் சோதிப்பதற்காக, பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு வெளியிட்டது. துடிப்பே இல்லையென்றால் 0. புவியீர்ப்பை மீறித் தூக்க முடிந்தால் 3. மருத்துவர் அழுத்திப் பிடித்தும் தாங்கினால் 5. ஒரு படி இறங்கினாலே வாதம் என்று ஒருவர் எண்ணுவார். 2-க்குக் கீழே போனால்தான் இன்னொருவர் எண்ணுவார். ஆகவே எந்த விழுக்காட்டையும் துல்லியம் என்று பிடித்துக்கொள்ள வேண்டாம். 20 பேரில் ஒருவர் என்ற அளவில் நினைவு வைத்தால் போதும்.

இனி தடயங்கள். தளர்ச்சி பெரும்பாலும் அறுவை முடிந்த சில மணி நேரத்திலிருந்து ஒரு வாரத்துக்குள் தலைகாட்டுகிறது. சிலருக்கு இரண்டு, மூன்று வாரம் கழித்தும் வந்திருக்கிறது. மிகப் பெரும்பாலோருக்கு ஒரு பக்கம்தான். ஏறத்தாழ பாதிப் பேருக்கு மரத்துப்போதலோ வலியோ இல்லை. வலு மட்டும் குறைகிறது. முன்கழுத்து வழி, பிடரி வழி இரண்டிலும் வருகிறது. அறுவை நடக்கும்போதே தலையில் மின்தூண்டல் கொடுத்து, கட்டளை தோள் தசைக்குப் போய்ச் சேருகிறதா என்று அலையாகத் திரையில் பார்க்கும் வசதி இன்று உண்டு. பின்னால் தோள் விழுந்தவர்களில் பலருக்கு, அறுவை முடியும்வரை அந்த அலையில் எந்தக் குறையும் தெரிந்திருக்கவில்லை.

கடைசித் தடயம் மிக முக்கியமானது. கருவியோ கத்தியோ நேரடியாகப் பட்டிருந்தால் அலை அந்தக் கணமே விழுந்திருக்கும். அப்படி விழுந்த சிலரும் உண்டு. அவர்களின் தளர்ச்சி உடனே தெரிந்துவிடுகிறது. ஆனால் மூன்றாம் நாள் தளர்ச்சிக்கு வேறு காரணம் தேட வேண்டும்.

அதிகம் பேசப்படுவது இழுவைக் கொள்கை. திரவத்தில் மிதக்கும் தண்டுவடத்தை, இரண்டு கரையிலும் பல கயிறுகளால் கட்டிய தோணியாக எண்ணிக்கொள்ளுங்கள். கயிறுகள்தான் நரம்பு வேர்கள். இத்தனை காலம் தோணி ஓர் ஒடுக்கமான ஓடையில் சிக்கிக் கிடந்தது. பின்சுவரைத் திறந்ததும் நீர்ப்பரப்பு விரிகிறது. தோணி பின்னோக்கி நகர்கிறது. கயிறுகளில் எது குட்டையோ அதுதான் முதலில் விறைக்கும். கயிறு நுழையும் வளையமும் துருவேறி இறுகியிருந்தால், கொஞ்சமும் நெகிழ வழியில்லாமல் அந்த இடத்திலேயே அறுபடும்.

ஐந்தாம் நரம்புக்கு இந்த எல்லாத் தீவினையும் ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது. அதன் வேர் மற்ற வேர்களைவிடக் குட்டை. கழுத்து வளைவின் உச்சி பெரும்பாலும் அந்த இடத்தில்தான். அறுவை வழக்கமாக மூன்றாம் முள்ளெலும்பிலிருந்து ஏழாம் முள்ளெலும்பு வரை நடப்பதால், திறந்த பகுதியின் நடுவில், தண்டுவடம் அதிகமாகப் பின்வாங்கும் இடத்தில் அது மாட்டுகிறது. அதோடு, அதன் துளைக்குள் பின்னாலிருக்கும் மூட்டின் எலும்பு மற்ற மட்டங்களைவிட அதிகமாக முன்னுக்குத் துருத்துகிறது. 1994-ல் ஷினோமியா குழு உடற்கூற்று ஆய்வில் ஐந்தாம் நரம்பின் முன்வேர் இழைகளைத் தனியாகக் கவனித்தது. முன்வேர் இழைகள் பின்வேரைவிடவும் குட்டை. உணர்வு கெடாமல் வலு மட்டும் போவதற்கு இது நல்ல விளக்கம்: இழுவை முன்வேரில் முதலில் விழுகிறது, முன்வேரின் வேலையோ தசையை இயக்குவது.

அழகான கொள்கை. ஆனால் ஒரு கொள்கை அழகாக இருப்பதால் உண்மையாகிவிடாது. அளந்து பார்க்க வேண்டும். அறுவைக்கு முன்னும் பின்னும் எம்.ஆர்.ஐ. எடுத்துத் தண்டுவடம் எவ்வளவு பின்னுக்குப் போனது என்று அளந்தார்கள். இமகாமா ஆய்வில் தோள் தளர்ந்தவர்களுக்கு நகர்ச்சி அதிகம், நரம்புத் துளை குறுகல், மூட்டு எலும்பின் துருத்தலும் அதிகம். மூன்றும் கொள்கையோடு பொருந்தின. வேறு ஆய்வுகளிலோ நகர்ச்சிக்கும் தளர்ச்சிக்கும் தொடர்பு தென்படவில்லை. முன்கழுத்து வழி அறுவையில் பின்சுவர் திறப்பதே இல்லையே, அங்கே ஏன் வருகிறது என்ற கேள்விக்கும் இழுவைக் கொள்கை தடுமாறித்தான் பதில் சொல்கிறது.

அடுத்த கருத்து, கோளாறு வேரில் இல்லை, தண்டுவடத்துக்குள்ளேயே இருக்கிறது என்பது. பல ஆண்டுகள் நசுங்கி, ரத்த ஓட்டம் குறைந்து கிடந்த திசுவுக்குள் திடீரென ரத்தம் பாயும்போது, அந்தப் பாய்ச்சலே வீக்கத்தையும் சேதத்தையும் உண்டாக்குகிறது. மாரடைப்பு, பக்கவாதச் சிகிச்சைகளில் இது தெரிந்த விஷயம். வீக்கம் வர நேரம் பிடிக்கும் என்பதால் மூன்றாம் நாள் புதிருக்கு இது எளிதில் விடை தருகிறது. முன்வழி, பின்வழி இரண்டுக்கும் பொருந்துகிறது. 2002-ல் கெய்யோவின் சிபா குழு, தளர்ச்சி வந்தவர்களின் எம்.ஆர்.ஐ. படங்களில் தண்டுவடத்துக்குள் வெண்மையான மாற்றத்தைச் சுட்டிக்காட்டியது. தசைக்குக் கட்டளையிடும் நரம்பணுக்கள் இருப்பது தண்டுவடத்தின் முன்பகுதியில் என்பதால், வலு மட்டும் குறைவதற்கும் இதில் விளக்கம் உண்டு. ஆனால் அத்தகைய மாற்றம் இல்லாமல் தளர்ந்தவர்கள் உண்டு; மாற்றம் இருந்தும் தளராதவர்களும் உண்டு.

மூன்றாவது கருத்தை நான் மிகவும் மதிக்கிறேன். அதைச் சொன்னவர்கள் பழியைத் தங்கள் கருவி மீதே போட்டுப் பார்த்தார்கள். எலும்பைச் செதுக்க வேகமாகச் சுழலும் டிரில் பயன்படுகிறது. அது எலும்பைச் சூடாக்கும். அடியிலேயே நரம்பு வேர். ஒசாகாவில் ஹொசோனோ குழு, அறுவையின்போது எலும்பின் வெப்பநிலையை அளந்து, வேருக்குச் சூடு பட வாய்ப்பிருக்கிறது என்று 2009-ல் எழுதியது. அதோடு நிற்காமல், டிரில் முனையில் ஊற்றும் உப்புநீரைக் குளிர்வித்து ஊற்றிப் பார்த்தார்கள். தளர்ச்சி குறைந்தது என்று அடுத்த சில ஆண்டுகளில் அறிவித்தார்கள். குளிர்ந்த உப்புநீருக்கு என்ன செலவு? எளிய மாற்றம், செய்து பார்ப்பதில் இழப்பு எதுவும் இல்லை.

எனக்கு எப்போதும் நினைவில் நிற்பது இன்னொரு எச்சரிக்கை. ஐந்தாம் நரம்புதான் அதிகம் கெடுகிறதா, அல்லது அது கெட்டால்தான் நமக்குத் தெரிகிறதா? முழங்கையை நீட்டும் தசைக்கு இரண்டு மூன்று நரம்புகளிலிருந்து கட்டளை வருகிறது. ஒன்று சோர்ந்தால் மற்றவை ஈடுகட்டிவிடும். நோயாளிக்குத் தெரியவே தெரியாது. டெல்டாய்டுக்கு அந்தக் காப்பு குறைவு. ஐந்தாம் நரம்பு சோர்ந்தால் அன்றைக்கே தலை வார முடியாது. ஆறு, ஏழு, எட்டாம் நரம்பு வாதங்களும் அறுவைக்குப் பின் பதிவாகியிருக்கின்றன, எண்ணிக்கையில் குறைவாக. அந்தக் குறைவில் எவ்வளவு உண்மை, எவ்வளவு நம் கண்ணின் குறை என்று பிரித்துச் சொல்வது கடினம். கணக்கைப் படிக்கும்போது, எண்ணப்படாதவை எவை என்று கேட்பது அறிவியலின் பாதி வேலை.

கழுத்து அறுவையின் மற்றொரு நரம்புச் சிக்கலோடு இதை வைத்துப் பார்க்கலாம். முன்கழுத்து வழியில் போகும்போது, குரல்வளையை இயக்கும் நரம்பு கெட்டுச் சிலருக்குக் குரல் கம்மிவிடும். இதற்கும் கத்திதான் காரணம் என்று எண்ணப்பட்டது. திசுக்களை விலக்கிப் பிடிக்கும் கருவிக்கும், மூச்சுக்காகத் தொண்டையில் செருகிய குழாயின் காற்றுப்பைக்கும் இடையே நரம்பு நசுங்குகிறது என்று அமெரிக்காவில் ஆப்பல்பாம் குழு கண்டது. கருவியைப் பொருத்திய பிறகு காற்றுப்பையை ஒருமுறை தளர்த்தி மறுபடி ஊதினார்கள், அவ்வளவுதான். தற்காலிகக் குரல் வாதம் 6.4 விழுக்காட்டிலிருந்து 1.69-க்கு இறங்கியது என்று 900 நோயாளிகளின் அனுபவத்தை வைத்து 2000-ல் எழுதினார்கள். அங்கே குற்றவாளி ஒருவர்தான், பிடிபட்டார். தோள் வாதத்தில் குற்றவாளி ஒருவராக இருக்க வாய்ப்பில்லை என்பதே என் முடிவு. ஒருவருக்கு இழுவை, ஒருவருக்கு வீக்கம், ஒருவருக்குச் சூடு. பலருக்கு இரண்டு மூன்று சேர்ந்தே இருக்கலாம். ஒவ்வொரு கொள்கையும் சில நோயாளிகளிடம் பொருந்தி, சிலரிடம் பொருந்தாமல் போவதற்கு வேறு நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

தடுப்பு முயற்சிகளும் அதனால்தான் பலவிதம். ஜப்பானில் கட்சுமி குழு, அறுவையின்போதே ஐந்தாம் நரம்பின் துளையை இரு பக்கமும் முன்கூட்டி அகலப்படுத்திப் பார்த்தது. துளையை அகலப்படுத்தாதவர்களில் 6.4 விழுக்காடு, அகலப்படுத்தியவர்களில் 1.4 என்று 2012-ல் வெளியிட்டார்கள். இழுவைக் கொள்கைக்கு இது வலுவான சாட்சி. ஆயினும் எல்லா மருத்துவர்களும் இதைச் செய்வதில்லை. துளையை அகலப்படுத்த அதே வேருக்கு மிக அருகில் டிரில்லைக் கொண்டுபோக வேண்டும். 20 பேரில் ஒருவருக்கு வருவதைத் தடுக்க 20 பேரின் நரம்பையும் ஆபத்துக்கு அருகில் கொண்டுபோகலாமா என்ற தயக்கம் நியாயமானது. அறுவைக்கு முந்தைய சி.டி. ஸ்கேனில் துளை மிகக் குறுகியிருப்பவர்களுக்கு மட்டும் செய்வது என்ற நடுவழியைப் பலர் எடுக்கிறார்கள். பின்சுவரை வேண்டிய அளவுக்கு மேல் அகலமாகத் திறக்காமல், தண்டுவடம் அளவோடு பின்வாங்கும்படி பார்த்துக்கொள்வதும் ஒரு வழி.

வந்துவிட்டால்? நல்ல செய்தி, பெரும்பாலோருக்குத் தானாகத் திரும்புகிறது. அதற்குப் பிடிக்கும் காலம்தான் மனத்தை உலுக்கும். சராசரியாக நான்கைந்து மாதம். தளர்ச்சி கடுமையாக இருந்தால் ஒன்றரை, இரண்டு ஆண்டுகூட ஆகலாம். சிலருக்குக் குறை நின்றுவிடுகிறது.

ஏன் இவ்வளவு தாமதம் என்பதை 1943-ல் ஹெர்பர்ட் செடன் வகுத்த நரம்புச் சேதப் பிரிவு விளக்குகிறது. முதல் வகையில் நரம்பிழை அறுவதில்லை. கட்டளை கடத்துவது மட்டும் தற்காலிகமாக நின்றுபோகிறது. சில வாரங்களிலிருந்து சில மாதங்களில் அது மீண்டுவிடும். இரண்டாம் வகையில் உள்ளிருக்கும் இழை அறுந்து, அதன் உறை மட்டும் முழுதாக நிற்கிறது. அப்போது இழை அந்த உறைக்குள் புதிதாக வளர்ந்து தசையைத் தேடிப் போக வேண்டும். வேகம் நாளுக்கு ஏறத்தாழ 1 மி.மீ. கழுத்திலிருந்து தோள் தசை வரை ஒரு சாண் தூரம் இருந்தால் ஆறேழு மாதம். மூன்றாம் வகையில் உறையும் சேர்ந்து அறுந்துவிடும், தானாக மீளாது. தோள் வாதத்தில் பெரும்பாலோர் முதல் இரண்டு வகையில் அடங்குகிறார்கள் என்பதை அவர்கள் மீளும் காலமே காட்டிக்கொடுக்கிறது. மூன்று வாரம் கழித்துத் தசையில் மெல்லிய ஊசி செலுத்தி எடுக்கும் இ.எம்.ஜி. சோதனையில், இழை அறுந்திருக்கிறதா இல்லையா என்று ஓரளவு தெரிந்துகொள்ள முடியும்.

இதை விரைவாகக் குணப்படுத்தும் மருந்து என்று நிரூபணமானது எதுவும் இல்லை. ஸ்டீராய்டு சிலர் கொடுக்கிறார்கள். வேலை செய்வது பிசியோதெரபி. அதன் நோக்கத்தைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பயிற்சியால் நரம்பு வேகமாக வளர்ந்துவிடாது. நரம்பு வந்து சேரும்வரை மூட்டு இறுகாமல் காப்பதே பயிற்சியின் வேலை. ஆறு மாதம் தொங்கவிட்ட தோள் இறுகிப்போனால், ஏழாம் மாதம் கட்டளை வந்தாலும் கை மேலே போகாது. ஆகவே வீட்டில் இருப்பவர் யாராவது தினமும் அந்தக் கையைப் பிடித்து மெதுவாக மேலும் பக்கமும் உயர்த்தி இறக்க வேண்டும். எப்படி என்பதை பிசியோதெரபிஸ்ட் காட்டித் தருவார். மற்ற நேரத்தில் கையின் பாரம் தோள்மூட்டை இழுக்காதபடி தூளியில் தாங்க வேண்டும்.

ஆறு மாதத்தை ஒட்டியும் அசைவே தெரியவில்லை என்றால், நரம்பு மாற்று அறுவை என்ற கதவு ஒன்று இருக்கிறது. பக்கத்தில் நன்றாக வேலை செய்யும் நரம்பிலிருந்து ஒரு சிறு கிளையைப் பிரித்து, செயலிழந்த தசையின் நரம்போடு இணைப்பது. முழங்கையை நீட்டும் தசைக்குப் போகும் கிளைகளில் ஒன்றை டெல்டாய்டுக்குத் திருப்பலாம். பைசெப்ஸுக்கும் அதேபோன்ற வழி உண்டு. பாரிஸின் ஓபர்லின் 1994-ல் அதை விவரித்தார். ஆனால் இதற்குக் காலக்கெடு உண்டு. கட்டளை இல்லாமல் ஓராண்டு, ஒன்றரை ஆண்டு கிடந்த தசை சுருங்கி நாராகிவிடும். பிறகு எந்த நரம்பைக் கொண்டுவந்தாலும் பயனில்லை. “பொறுங்கள், வந்துவிடும்” என்ற ஆறுதல் முதல் ஐந்து மாதத்துக்குச் சரி. அதற்குப் பிறகும் அசைவே இல்லாதவரிடம் அதையே சொல்லிக்கொண்டிருப்பது தவறு.

நான் சொல்ல வந்தது ஒன்று மிச்சம் இருக்கிறது. இந்தச் சிக்கல் அறுவை சரியாக நடந்தாலும் வருகிறது. தண்டுவடத்தைக் காப்பாற்றிய அறுவையின் விலையாகச் சிலருக்கு வருகிறது. முன்கூட்டியே சொல்லப்பட்ட நோயாளிக்கு அது ஒரு தடங்கல். சொல்லப்படாதவருக்கு அது துரோகம். பல இடங்களில் ஒப்புதல் படிவம் முந்தின இரவு நீட்டப்படுகிறது, படிக்காமலே கையெழுத்தாகிறது. அறுவையை முடிவு செய்யும் அன்றே, “இருபது பேர்ல ஒருத்தருக்குக் கொஞ்ச மாசம் தோள் தூக்க முடியாமப் போகலாம், பெரும்பாலும் திரும்பிடும்” என்று மருத்துவர் சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தைக் கேட்டுப் பெறும் உரிமை நோயாளிக்கு இருக்கிறது.

உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ கழுத்து அறுவை நடக்கப்போகிறது என்றால், ஐந்தாம் நரம்பின் துளை எப்படி இருக்கிறது என்று மருத்துவரிடம் கேளுங்கள். இந்தப் பயத்தால் தேவையான அறுவையைத் தள்ளிப்போடாதீர்கள். நசுங்கிய தண்டுவடம் இழந்த நடையை எப்போதும் திருப்பித் தருவதில்லை. அறுவைக்குப் பின் தோள் தளர்ந்தால், வீட்டுக்கு வந்த பிறகானாலும், அன்றே தெரிவியுங்கள். அதோடு காலும் வலுவிழந்தாலோ, மற்றக் கையும் சோர்ந்தாலோ, சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ அதை வெறும் தோள் வாதம் என்று எண்ணிவிடாதீர்கள். உள்ளே ரத்தம் கட்டித் தண்டுவடத்தை அழுத்திக்கொண்டிருக்கலாம். அப்போது விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.